டென்மார்க்குக்கு ஒரு மார்க் அதிகம்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மர்ரே பெட்டிக்ரூ பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியின் முன் மண்டியிட்டு, தன் கையெழுத்தைத் தானே கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

தொட்டியின் மூடியில் மூன்று வருடங்களுக்கு முன் அவர் ஒட்டிய சீட்டு அது. 'மன்னிக்கவும்! இந்தத் தொட்டி நடைபாதைப் பக்கம் ஏழு சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. அன்புடன், மர்ரே' என்று எழுதி, கீழே ஒரு சிரித்த முகமும் வரைந்திருந்தார். மழைக்கும் பனிக்கும் தாங்க வேண்டும் என்று கெட்டிப் பசை போட்டு ஒட்டியது இப்போது வினையாகிப் போயிற்று.

கனடாவில், குவெல்ஃப் நகரத்து ஆல்டர் தெருவில் மர்ரேயிடம் சீட்டு வாங்காத வீடே கிடையாது. புல் உயரமா, சீட்டு. வாசல் விளக்கு மஞ்சளா, சீட்டு. ஆனால் எந்தச் சீட்டும் 'மன்னிக்கவும்' இல்லாமல் தொடங்கியதில்லை. அதனாலேயே, தன்னைப் போல ஒரு பொறுமைசாலி ஒன்டாரியோ மாகாணத்திலேயே கிடையாது என்று மர்ரே நம்பினார். நம்பிக்கைக்கு யார் தடை போட முடியும்?

"மர்ரே?"

குளியல் அங்கியும் காபிக் கோப்பையுமாக டெஸ்மண்ட் மெக்ஐசக் நின்றிருந்தார். இடப்பக்கத்து வீட்டுக்காரர். "என் தொட்டிய எதுக்குக் கத்தியால குத்துறீங்க?"

"மன்னிக்கணும் டெஸ்மண்ட். குத்தல, சுரண்டுறேன். நமக்குள்ள இந்தச் சீட்டெல்லாம் எதுக்குன்னு தோணுச்சு."

"மூணு வருஷம் கழிச்சா?"

"நல்ல புத்தி எப்ப வேணா வரலாமே!" என்று மர்ரே அழுத்தி ஒரு சுரண்டு சுரண்ட, கீல் முறிந்து மூடி மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது.

டெஸ்மண்டின் முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போனது. வாயைத் திறந்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போல மூச்சை உள்ளே இழுத்து, பல்லைக் காட்டினார்.

"பரவாயில்ல மர்ரே. மூடி இல்லாட்டி காத்தோட்டமா இருக்கும்."

மர்ரேக்கே ஆச்சரியம். நாம் ஒரு படி இறங்கினால் ஊரே இறங்குகிறது பார் என்று நெகிழ்ந்துபோனார்.

இத்தனைக்கும் காரணம் அவருடைய தங்கை புருஷன் டோர்பன். டென்மார்க்காரர், ஆர்ஹூஸ் நகரத்தில் வாசம். மேலை நாடுகளில் எந்த நாட்டு ஜனங்கள் அதிகம் சகித்துப்போகிறவர்கள் என்று ஒரு ஆய்வு மையம் வருடா வருடம் பட்டியல் போடும். போன வருடம் டென்மார்க் முதலிடம், கனடா இரண்டாமிடம். வித்தியாசம் ஒரே ஒரு மார்க். அந்த ஒரு மார்க்கை வைத்துக்கொண்டு டோர்பன் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. ஞாயிறு தவறாமல் கூப்பிட்டு, "என்ன மச்சான், ரெண்டாவது இடத்துல காத்து எப்படி வீசுது?" என்று கேட்பார்.

போதாக்குறைக்குப் பந்தயம் வேறு. இந்த வருடமும் கனடா தோற்றால், கிறிஸ்துமஸ் விருந்தில் மொத்தக் குடும்பத்துக்கும் முன்னால் மர்ரே எழுந்து நின்று, "டென்மார்க்காரர்களே எங்களைவிடப் பெருந்தன்மையானவர்கள்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். அதுவும் மர்ரேயின் சொந்த வீட்டில், அவரே வறுத்த வான்கோழிக்கு முன்னால்.

இந்த முறை மையம் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து நேரில் பார்த்து மார்க் போடுகிறது. கனடாவுக்கு ஆல்டர் தெரு! மர்ரேக்கு வந்த கடிதத்தில், 'இந்த ஆய்வில் உங்கள் பங்கு மிக முக்கியமானது. சனிக்கிழமை எங்கள் அலுவலர் வருவார். நீங்கள் எப்போதும் போல் இருங்கள்' என்று இருந்தது.

"எப்பவும் போல இருன்னுதானே எழுதியிருக்கு?" என்றாள் மனைவி கிளென்டா, குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அது ஒரு மரியாதைக்குச் சொல்றது கிளென்டா. இந்த நாட்டோட மானம் என் கையில இருக்கு."

"அப்ப நாடு போச்சு," என்று அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

பத்து மணிக்கு அலுவலர் வந்தார். மார்லூஸ் என்று பெயர், நெதர்லாந்துக்காரர். மனதில் உள்ளதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஊர் அது. மர்ரே நீட்டிய காபியை ஒரு வாய் குடித்து, "நல்லா இல்ல," என்று திருப்பிக் கொடுத்தார். நடைபாதையில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"மத்த நாடெல்லாம் எப்படி?" என்று மர்ரே மெல்ல நூல்விட்டுப் பார்த்தார்.

"ஸ்வீடன் நல்லாத்தான் போச்சு. அடுக்குமாடியில எல்லாருக்கும் பொதுவா ஒரு துணி துவைக்கிற அறை. ஒருத்தர் தன்னோட நேரத்தைத் தாண்டி பத்து நிமிஷம் மெஷின ஓட்டிட்டார். அதோட எல்லாம் முடிஞ்சுது. எண்பத்து மூணு."

"அமெரிக்கா?"

"ஒருத்தர் ரெண்டு வாரமா புல் வெட்டல. தெருவே கூட்டம் போட்டு வக்கீலைக் கூப்பிட்டுருச்சு. எழுபத்தாறு. எங்க ஊர்ல ஒருத்தர் சைக்கிள் பாதையில நடந்தார். அத விடுங்க, வெளியில சொல்ற மாதிரி இல்ல."

மர்ரே நாற்காலிக்கு இன்னும் கிட்டே வந்தார். "டென்மார்க்?"

"சிவப்பு விளக்கு எரியும்போது ஒருத்தர் ரோட்டக் கடந்தார். யாரும் திட்டல. ஆனா ஒரு பார்வை பார்த்தாங்க. அந்தப் பார்வைக்கு மட்டும் ஒம்பது மார்க் போச்சு. தொண்ணூத்தொண்ணு."

தொண்ணூற்றொன்று! மர்ரேயின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தது. ஒரே ஓட்டமாக டெஸ்மண்ட் வீட்டுக்கு ஓடினார்.

டெஸ்மண்டிடம் ஒரு பேக்பைப் உண்டு; தோல்பையை அமுக்கி ஊதுகிற குழல் வாத்தியம். அவர் பிறந்த நோவா ஸ்கோஷியா மாகாணத்திலிருந்து அவரோடு வந்தது. அவர் ஊதும்போது மர்ரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்று, ஒன்பது நிமிடம் ஆனதும் சீட்டோடு போய்க் கதவைத் தட்டுவார்.

"டெஸ்மண்ட், உங்க பைய எடுத்துட்டு வாங்க. என் ஜன்னலுக்குக் கீழ நின்னு ஊதுங்க."

"எவ்வளவு நேரம்?"

"மூச்சு இருக்கிற வரைக்கும்!"

டெஸ்மண்ட் மார்லூஸைப் பார்த்தார். மறுபடியும் அந்தப் பல் தெரிந்தது. "சந்தோஷமா ஊதுறேன்," என்றார்.

அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. வலப்பக்கத்து வீட்டில் ராவுலும் கீத்தும் இருந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொண்டு பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. அதில் மர்ரேக்குத் துளியும் ஆட்சேபம் இல்லை. அவர்களுடைய நான்கு கோழிகளிடம்தான் ஆட்சேபம். கோழிகளின் முகத்தில் விழிக்கக் கூடாது என்றே தன் செலவில் வேலி போட்டவர், இப்போது திருப்புளியோடு போய் இரண்டு பலகையைக் கழற்றினார்.

"மர்ரே, என்ன பண்றீங்க?" என்று ராவுல் பதறினார். அன்று காலைதான் அவர் முன்வாசலுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து முடித்திருந்தார்.

"மனுஷனுக்கும் மனுஷனுக்கும் நடுவுல வேலி எதுக்கு ராவுல்?" என்று மர்ரே தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

அந்த நேரம் பார்த்து டெஸ்மண்ட் பையை அமுக்கினார். எழும்பிய ஓலத்தில் நான்கு கோழிகளும் ஒரு முழம் துள்ளி, பலகை இருந்த இடம் வழியாகப் பாய்ந்து, மர்ரேயின் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டன. உள்ளே கிளென்டா போட்ட கூச்சலில் பேக்பைப்பே ஒரு கணம் நின்றது. அலுவலருக்காகச் சுட்டு வைத்திருந்த வெண்ணெய்ப் பணியாரத் தட்டில் ஒரு கோழி ஏறி உட்கார்ந்திருந்தது.

"வரட்டும், வரட்டும்! கோழிக்கும் நம்ம நாட்டுல இடம் உண்டு!" என்று மர்ரே வாசலில் நின்று அறிவித்தார்.

"உன் மடியில உக்கார வச்சுக்கோ!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மர்ரே ஓரக்கண்ணால் பார்த்தார். மார்லூஸ் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் மர்ரே பேசும்போது எழுதவில்லை. மர்ரே பேசி முடித்ததும் ராவுலையும் டெஸ்மண்டையும் உற்றுப் பார்த்துவிட்டு எழுதினார். என் பேச்சு அவர்களை எப்படி உருக்குகிறது என்று பார்க்கிறார் போலும் என்று மர்ரே நினைத்துக்கொண்டார்.

கோழிகளைக் கையால் பிடித்தால் நோகுமே என்று அவர் ஒரு யோசனை செய்தார். கராஜுக்குப் போய், உதிர்ந்த இலைகளைக் காற்றால் ஊதித் தள்ளும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"வேண்டாம் மர்ரே," என்றார் கீத்.

"மன்னிக்கணும், ரெண்டே நிமிஷம்!"

விசையை அழுத்தினார். பின்கதவு வழியாகப் புறப்பட்ட காற்று, கோழிகளையும் பணியாரங்களையும் முன்கதவு வழியாக வெளியே தள்ளியது. கோழிகள் தெருவுக்குத் தெறித்தன. விடாமல் துரத்திய மர்ரே, டெஸ்மண்டின் மூடியில்லாத தொட்டிக்கு நேரே வந்து சேர்ந்தார். அதிலிருந்த காகிதம் முழுவதும் குபீரென்று வானத்துக்குக் கிளம்பி, கோழி இறகுகளோடு கலந்து, ராவுலின் ஈரப் பெயின்ட் வாசலில் போய்ப் பச்சென்று அப்பிக்கொண்டது.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். அத்தனையும் சீட்டுகள். 'மன்னிக்கவும்! உங்கள் பேக்பைப்', 'மன்னிக்கவும்! உங்கள் புல்', 'மன்னிக்கவும்! உங்கள் செருப்புச் சத்தம்' என்று பதினொரு வருடத்துச் சிரித்த முகங்கள் வரிசையாகச் சிரித்தன.

"இதையெல்லாம் எடுத்து வச்சிருந்தீங்களா டெஸ்மண்ட்?" என்று மர்ரே உருகினார்.

"என்னிக்காவது தேவைப்படும்னு வச்சிருந்தேன். தேவைப்பட்டுச்சு. எல்லாத்தையும் படம் எடுத்து அனுப்பிட்டுத் தூக்கிப் போட்டேன்."

ராவுலின் கண்ணில் நீர் முட்டியது. கீத் அவர் தோளை இறுக்கிப் பிடித்தார். "சொல்லிடு ராவுல். இன்னும் கொஞ்ச நேரம்தான்," என்று காதில் சொல்வது நன்றாகவே கேட்டது.

"பரவாயில்ல மர்ரே," என்றார் ராவுல், ஒவ்வொரு எழுத்தாக. "வெறும் வெள்ளையா இருந்தா... நல்லாவா... இருக்கும்?"

மர்ரேக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன அருமையான மனிதர்கள்! ஒரு நாள் தான் பெருந்தன்மையாக இருந்து காட்டியதும் தெருவே எப்படி மாறிவிட்டது!

நான்கு மணிக்கு மார்லூஸ் கணக்கை முடித்தார். "கனடா தொண்ணூத்தாறு. முதலிடம். இதுவரைக்கும் யாருமே இவ்வளவு வாங்கினதில்ல."

தெருவே ஆர்ப்பரித்தது. டெஸ்மண்ட் ராவுலைக் கட்டிக்கொண்டார். கீத் நடுத்தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். மர்ரே டோர்பனை வீடியோவில் கூப்பிட்டு, போனை உயர்த்திப் பிடித்தார்.

"மச்சான்! தொண்ணூத்தாறு! கிறிஸ்துமஸுக்கு எந்திரிச்சு நிக்கப் போறது நான் இல்ல, நீ! கனடா யாரால ஜெயிச்சுது தெரியுமா? அம்மா, நீங்களே சொல்லுங்க, யாரால?"

"சந்தேகமே இல்ல, இவராலதான்," என்றார் மார்லூஸ் திரையைப் பார்த்து.

மர்ரேயின் நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் தெறிக்கும் போலிருந்தது.

"அந்தத் தொண்ணூத்தாறுல எனக்கு மட்டும் எவ்வளவு? மச்சானும் கேக்கட்டும், சும்மா சொல்லுங்க!"

"உங்களுக்கா? உங்களுக்கு மார்க்கே கிடையாதே."

"ஏன்?"

"பரீட்சை எழுதினது உங்க தெரு சார்," என்றார் மார்லூஸ், நாற்காலியை மடக்கிக்கொண்டே. "நீங்க கேள்வித்தாள்."