கல்லாவுக்கு முன்னால் சொன்ன ‘தெரியாது’

அன்புள்ள மாப்பிள்ளைக்கு உங்கள் அத்தான் எழுதுவது. இங்கே உங்கள் அக்கா நலம், கடையும் நலம். என் நலம் கீழே விவரமாக வருகிறது, உட்கார்ந்து படிக்கவும்.

நேற்றுக் காலை என் மகள், அதாவது உங்கள் அருமை மருமகள், என் கல்லாவுக்கு முன்னால் நின்று ஒரு வாடிக்கையாளரிடம் “தெரியாது” என்று சொல்லிவிட்டாள்.

இதில் என்ன என்று கேட்பீர்கள். மாதச் சம்பளக்காரர், கேட்பீர்கள். குழாய்ச் சாமானைச் சைக்கிளில் கட்டித் தெருத்தெருவாக விற்றுத்தான் இந்தக் கடைக்கு வந்தேன். இருபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தை என் வாயில் வந்ததில்லை. “இந்த ஆணி துருப்பிடிக்குமா?” “ஜென்மத்துக்கும் பிடிக்காது.” “இந்த பெயின்ட் மழையைத் தாங்குமா?” “மழைதாங்க இதைத் தாங்கணும்.” இப்படி நின்று வளர்ந்த கடை. அதை ஒரு வார்த்தையில் சாய்க்கச் சொல்லிக் கொடுத்தது யார்? நீங்கள் விண்ணப்பம் வாங்கிவந்து சேர்த்துவிட்ட அந்த இளைஞர் மன்றம்.

காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் அவள் இருபத்தொன்பது வாங்கியபோதே சொன்னேன், அரையாண்டிலும் கோட்டைவிட்டால் பள்ளிக்கூடம் போதும், கடை நாற்காலியில் உட்காரட்டும் என்று. அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. உடனே நீங்கள் வந்து, “மன்றத்துல சேத்துவிடுங்க அத்தான், படிப்பு தானா வரும்” என்றீர்கள். வந்தது படிப்பா? முதல் வாரம் வந்தது ஒரு விசில். இரண்டாம் வாரம் தெருச் சாக்கடையைத் தூர்வாருகிறோம் என்று என் கடையிலிருந்து ஆறு புது மண்வெட்டி போனது. திரும்பி வந்தபோது ஆறும் குழம்புக் கரண்டி மாதிரி வளைந்திருந்தன. துடைத்து அடுக்கி வைத்திருக்கிறேன், எவனும் தொடமாட்டேன் என்கிறான்.

அது போகட்டும் என்று விட்டால், அங்கே ஒரு சட்டமாம். சனிக்கிழமை வேலை முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும், ஒவ்வொருவரும் அந்த வாரம் தனக்குப் புரியாத ஒன்றை எழுந்து நின்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் வீட்டுக்குப் போக முடியாது. தெரிந்தவர் சொல்லிக் கொடுக்க வேண்டும், புரியவில்லை என்றால் வேறு மாதிரி சொல்ல வேண்டும். மாப்பிள்ளை, ஊரில் எல்லாரும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளத்தான் சங்கம் வைப்பார்கள். தெரியாததைப் பறைசாற்றுவதற்கு ஒரு சங்கம், அதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர்! இப்போது அந்த வட்டம் என் சரக்கு அறையிலேயே கூடுகிறது. சிமெண்ட் மூட்டைமேல் ஐந்து பிள்ளைகள். விற்க வைத்திருந்த கதவுப் பலகைதான் கரும்பலகை, அதில் ஒளி வளைகிறது, அம்பு பறக்கிறது. போனவாரம் ஒரு தச்சர் அதை நின்று பார்த்துவிட்டு, “டிசைன் கதவாண்ணே?” என்றார். ஆமாம் என்றுதான் சொன்னேன்.

இதைவிடக் கொடுமை, வியாதி உங்கள் அக்காவுக்கும் தொற்றிவிட்டது. இத்தனை வருஷம் நான் தாமதமாக வந்து காரணம் சொன்னால் சரி என்று கேட்டுக்கொண்டவள், இப்போது, “எனக்குப் புரியல, வேற மாதிரி சொல்லுங்க” என்கிறாள். வேறு மாதிரி எங்கேயிருந்து சொல்வேன்? இருப்பதே ஒரு காரணம். இயற்பியல் வாத்தியாரம்மா வேறு கடைக்கு வந்து, “உங்க பொண்ணு தூக்கின கைய இறக்கவே மாட்டேங்குறா சார்” என்று சிரித்துவிட்டுப் போகிறார்.

நேற்று நடந்ததைக் கேளுங்கள். அரையாண்டு மதிப்பெண் நாளைக்கு வருகிறது, என்ன வரும் என்று எனக்குத் தெரியும், உட்காரப் போகிற நாற்காலிதானே, பழகட்டும் என்று கூட்டிப்போனேன். நம் வாடிக்கை பிளம்பர் வந்து குழாய் ஒட்டும் பசையை எடுத்து, “இது சுடுதண்ணி லைனுக்குத் தாங்குமா?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள், “தெரியாதுண்ணே, இருங்க, பாத்து சொல்றேன்” என்று டப்பாவைத் திருப்பி, எறும்பு சைஸ் எழுத்தை வாசித்து, “பச்சைத்தண்ணிக்கு மட்டும்னு போட்டிருக்கு” என்றாள். பிளம்பர் என்னைப் பார்த்தார்.

“போன மாசம் எரிமலைக்கே ஒட்டலாம்னு சொன்னீங்களே?”

“அது ஒரு பேச்சுக்குப்பா” என்றேன். டப்பாவை வைத்துவிட்டுப் போயே போய்விட்டார்.

“அப்பா மானத்த இப்படியா வாங்குவ?” என்று கத்தினேன்.

“உங்களுக்குத் தெரியுமாப்பா?”

“இதென்ன கேள்வி?”

“இல்லப்பா, நெஜமாவே தெரியுமான்னு கேட்டேன்.”

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் சுற்றியது.

ஆகவே சேர்த்துவிட்ட நீங்களே வரும் சனிக்கிழமை வந்து அந்த மன்றத்தில் அவள் பெயரை வெட்டிவிட்டுப் போகவும். உங்கள் வீட்டில் எல்லாரும் நீடூழி நல்லாயிருக்க வேண்டும், மன்றத்தில் சேராமல்.

இப்படிக்கு,
மானம் போன அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடாமல் ஒருநாள் சட்டைப்பையில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இயற்பியலில் அறுபத்தெட்டு. வாத்தியாரம்மா கையெழுத்தை இரண்டு தடவை பார்த்தேன், நிஜம்தான். சாயங்காலம் அந்த பிளம்பர் இன்னும் இரண்டு பிளம்பர்களோடு வந்து, என்னை ஒதுக்கிவிட்டு, “பாப்பா எங்க?” என்றார். போன மாதம் சுடுதண்ணிக் குழாயில் ஒட்டியதையெல்லாம் பிரித்து மறுபடி ஒட்டப் போகிறாராம். புதுப் பசை என் செலவு. நீங்கள் சனிக்கிழமை வரவேண்டாம். வந்தால் மண்வெட்டி பிடிக்க வைத்துவிடுவார்கள். அவளும் நானும் பேசி முடித்து, அவள் கேட்டபடி எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று: படிப்பு அவள் போதும் என்கிற வரைக்கும். சனிக்கிழமை மன்றத்துக்கு. வளைந்த மண்வெட்டி ஆறும் மன்றத்துக்கே, கதவுப் பலகை வட்டத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கடைக்கு வந்து டப்பா எழுத்தை எனக்கு வாசித்துக் காட்டுவாள். நான் தினமும் ஒரு தடவையாவது, வாடிக்கையாளர் எதிரிலேயே, “தெரியாது, பாத்து சொல்றேன்” என்று சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் விடுமுறை கேட்டேன்; தரவில்லை.