ஏரியில் விழுந்த நட்டு

தண்ணீரில் இறங்குகிறவனிடம் நீச்சல் தெரியுமா என்று கேட்பார்கள். மாமனாரோடு சேர்ந்து இறங்குகிறவனிடம் என்ன கேட்க வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையிலேயே என்னைத் தடுத்து நிறுத்தியிருப்பார்கள்.

ஆவடிப் பக்கத்து ஏரிகளில் ஒன்றில் நடந்த கதை இது. எந்த ஏரி என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் காலையில் நான் நடக்கப் போவது அங்கேதான்; படகுத்துறை வந்ததும் தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்து விட்டுக்கொள்வேன். ஒரு காலத்தில் எருமைகள் படுத்துக் கிடந்த ஏரி. பிறகு தூர் வாரி, கரையைச் சுற்றி நடைபாதை போட்டு, நடுவில் பறவைகளுக்காக ஒரு மண்திட்டு எழுப்பி, அதில் மரம் வளர்த்து, பூங்கா ஆக்கிவிட்டார்கள். ஞாயிறு மாலையில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி ஜனம் முழுக்க அங்கேதான் இருக்கும். அதாவது, அவமானப்படுவதற்கு இதைவிட வசதியான இடம் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

என் மாமனார் அருளப்பன், ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தி, அங்கேயே ஸ்டெல்லாவை வளர்த்தவர். அந்தக் குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் எது ரிப்பேரானாலும் வெளியிலிருந்து ஆள் கூப்பிடமாட்டார்கள். மிக்ஸி, மோட்டார், குழாய், சுவர்க்கடிகாரம், எல்லாவற்றையும் தாங்களே பிரித்துத் தாங்களே மாட்டுவார்கள். கைக்குட்டை இல்லாமல் வெளியே போவார்கள், ஸ்பேனர் இல்லாமல் போகமாட்டார்கள். மெக்கானிக் ஒருவன் வாசலில் வந்து நின்றால், அந்த வீட்டில் ஆம்பளை இல்லை என்று அர்த்தம்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் மேனாம்பேட்டில் பிறந்து, அம்பத்தூரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டுகிறவன். எங்கள் வீட்டில் பல்பு மாற்றக்கூட ஆள் வரும். ஸ்டெல்லாவைப் பெண் கேட்டு முதல்முதலாக நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, கூடத்து ஃபேன் டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மாமனார் ஸ்டூல் போட்டு ஏறி, “தம்பி, அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுங்க” என்று கையை நீட்டினார். நான் நல்ல பிள்ளையாகத் தெரிய வேண்டும் என்று, “எதுக்கு அங்கிள் சிரமம்? ஆள் கூப்பிட்டா வந்து முடிச்சுட்டுப் போயிடுவான்” என்றேன்.

(வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

ஃபேனுக்குப் பக்கத்திலிருந்து அவர் என்னைக் கீழே பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மதம் வேறு, ஊர் வேறு என்று ஆயிரம் காரணம் சொல்லி அவர் எங்கள் கல்யாணத்தை மறுத்திருக்கலாம். எதையும் சொல்லவில்லை. மகள் சந்தோஷத்துக்காகச் சம்மதித்தார், முன்னின்று நடத்தினார், பந்தியில் நின்று பரிமாறினார். ஆனால் அந்தத் ‘தம்பி’தான் கடைசி. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

கோபமாகவும் நடந்துகொள்ளவில்லை, அதுதான் கஷ்டம். நான் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். சமையலறையில் இருக்கும் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, “அவருக்கு காபியா டீயான்னு கேளு” என்பார். நான் “காபி” என்று அவர் காதுபடச் சொல்வேன். அவர் காத்திருப்பார். ஸ்டெல்லா வந்து, “காபியாம்ப்பா” என்ற பிறகுதான் தலையசைப்பார். என் அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டார். கல்யாணமானால் ஒரு அப்பா கிடைப்பார் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டிருந்தேன். அவருடைய ஒரு வார்த்தைக்காக நான் ஏங்கிய ஏக்கம் எனக்கே வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஸ்டெல்லா ஒரு திட்டம் போட்டாள். “நடுவுல நான் இருக்கிற வரைக்கும் அப்பா உன்கிட்ட பேசமாட்டார். நான் வர முடியாத இடத்துல உங்க ரெண்டு பேரையும் விடணும்” என்றாள். (தனியாக இருக்கும்போது நான் ‘நீ’; அவள் பெற்றோர் முன்னால் ‘நீங்க’.) ஏரியில் இரண்டு பேர் மட்டும் உட்காரும் மிதிபடகு இருந்தது. நடுத்தண்ணீரில் தூது போக ஆள் இல்லை. பேசித்தானே ஆக வேண்டும்?

அந்த ஞாயிறு பூசை முடிந்து, மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். அத்தை, அதாவது என் மாமியார், தேங்காய்ச் சோறும் கோழி வறுவலும் எடுத்து வந்தார். பூங்கா வாசலில் விதிகள் எழுதிய பலகை இருந்தது. மாமனார் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நின்று படித்தார். பறவைத் திட்டுக்கு அருகில் படகு போகக் கூடாது என்ற வரியை மட்டும் சத்தமாக, ஸ்டெல்லாவைப் பார்த்து, எனக்காகப் படித்தார்.

சாப்பிட்டு முடித்ததும் ஸ்டெல்லா தலைசுற்றுகிறது என்று படகு ஏறாமல் நழுவினாள். அத்தைக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஆக, நானும் மாமனாரும் ஆரஞ்சு நிற உயிர்காப்பு ஜாக்கெட்டுக்குள் எங்கள் தொப்பைகளைத் திணித்துக்கொண்டு, அன்னப்பறவை வடிவத்துப் படகு ஒன்றில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். படகுக்காரர், திட்டுப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லி எங்களைத் தள்ளிவிட்டார். பல் தெரியச் சிரித்த அன்னத்தின் கழுத்துக்குப் பின்னால், சிரிக்காத இரண்டு பேர்.

மிதித்தோம். அவர் பேசவில்லை என்று சொல்லமுடியாது, பேசினார். பறவைகளிடம் பேசினார். தண்ணீரில் மிதந்த ஒரு நாமக்கோழியைப் பார்த்து, “ஜாக்கெட் கொக்கியை ஒழுங்கா மாட்டணும்” என்றார். நான் என் கொக்கியைச் சரிசெய்தேன். நாமக்கோழி கண்டுகொள்ளவில்லை. என் பலத்தையாவது காட்டலாம் என்று நான் மூச்சு வாங்க மிதித்தேன். அப்போதுதான் காலுக்குக் கீழே டொக், டொக் என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது.

மாமனாரின் முகம் மாறியது. நல்ல இசை கேட்கும்போது பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் சிலருக்கு முகம் மாறுமே, அதைப்போல. அவர் மிதிப்பதை நிறுத்தினார். குனிந்து காதை வைத்துக் கேட்டார். கால்சட்டைப் பையில் கை போயிற்று. ஸ்பேனர் வந்தது.

வாடகைப் படகை, ஏரிக்கு நடுவில், யாராவது பிரிப்பார்களா? பிரித்தார். எங்கள் இருவர் பெடலையும் பின்னால் இருக்கும் சக்கரத்தோடு சேர்க்கும் தண்டு ஒன்று உண்டு. அதன் முனையில் இருந்த நட்டைத் திருகி எடுத்தார். இன்னொரு கையால் தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நட்டை வைக்க இடமில்லை. ஸ்டெல்லாவைத் தேடி ஒரு கணம் அவர் தலை திரும்பியது. அவள் கரையில் இருந்தாள். வேறு வழியே இல்லாமல் என் முகத்தைப் பார்த்து, “இதைக் கொஞ்சம் பிடிங்க” என்றார்.

என்னிடம் பேசினார். ஒரு வருஷம் கழித்து, நேராக, என் கண்ணைப் பார்த்து. எண்ணெய்ப் பிசுக்கோடு அந்த நட்டு என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. இதை உடனே ஸ்டெல்லாவுக்குச் சொல்லியாக வேண்டும். கரையைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் அவள் எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘பேசிட்டார், பேசிட்டார்’ என்று சொல்வதற்காகக் கையை உயரத் தூக்கி, விரல் ஐந்தையும் விரித்து, பலமாக ஆட்டினேன்.

எந்தக் கையை என்று கேட்காதீர்கள்.

ப்ளக். அவ்வளவுதான். சின்ன சத்தம். மாமனார் தண்ணீரில் விரிந்த வளையத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஏரி என்னவோ வாளி என்பதுபோல, முழங்கை வரை விட்டுத் துழாவினார். ஆகாயத்தாமரை வேர் ஒன்று வந்தது. அதைத் திருப்பித் தண்ணீரிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தண்டு தன் இடத்தை விட்டு நழுவி, பெடல்கள் சும்மா சுற்றின. காற்று எங்களை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனது. எங்கே என்றால், பலகையில் போகக் கூடாது என்று எழுதியிருந்த அதே பறவைத் திட்டுக்கு.

கரையில் ஸ்டெல்லாவும் அத்தையும் சந்தோஷமாகத் திருப்பிக் கை ஆட்டினார்கள். ஸ்டெல்லா பிறகு சொன்னாள், நாங்கள் பேச்சு சுவாரசியத்தில் திரும்பிவர மனசில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறோம் என்று நினைத்தார்களாம். அத்தை ஜெபமாலையை எடுத்து நன்றி சொல்லிவிட்டாராம்.

திட்டின் ஓரத்தில் ஆகாயத்தாமரைக்குள் அன்னம் சொருகி நின்றது. தலைக்கு மேல் கிளையில் ஒரு கூழைக்கடா உட்கார்ந்து எங்களை முறைத்தது. அந்த முறைப்பு தாங்காமல் என் வாய் தானாகத் திறந்தது.

“மாமா, ஆள் கூப்பிடலாமா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. குதித்துவிடலாமா என்று தண்ணீரைப் பார்த்தேன். அவர் கூழைக்கடாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதனிடம், “ஸ்டெல்லா சின்னப்புள்ளையா இருக்கும்போது ரேடியோவைப் பிரிச்சுப் போட்டுட்டா. மாட்டத் தெரியலை. நான் திட்டலையே” என்றார். பறவைக்குச் சொன்னாரா, எனக்கா என்று புரியாமல் நான் பொதுவாக “ம்” என்றேன். அவர் தொடர்ந்தார். அதற்குப் பிறகு ரேடியோவை மாட்ட அவரே அவளுக்குக் கற்றுக்கொடுத்தாராம். ஸ்கூட்டர் பிளக் கழற்றவும் கற்றுக்கொடுத்தாராம். “கல்யாணம் பண்ணிப் போற இடத்துல ராத்திரி குழாய் உடைஞ்சா அவ என்ன செய்வா? அந்தக் கவலை இருக்கும்ல எனக்கு?”

அன்றுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு என்மேல் கோபமே இல்லை. பயம். தன் மகளை, ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுக்கத் தெரியாதவன் கையில் கொடுத்துவிட்டோமே என்ற பயம். ஒரு வருஷமாக என்னை வில்லனாகப் பார்க்கிறார் என்று நான் மருகிக்கொண்டிருந்தேன். அவர் பாவம், உடையப் போகும் ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. (என் கையில் எதைக் கொடுத்தாலும் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டதால் பேசாமல் இருந்தேன்.)

“கூப்பிடுங்க” என்றார் கடைசியில், மிகவும் தாழ்ந்த குரலில். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஆள் கூப்பிடச் சொன்னார்.

நான் எழுந்து நின்று கத்தினேன். கரையிலிருந்து படகுக்காரரின் ஒலிபெருக்கிதான் பதில் சொன்னது. “அன்னப்படகு சார், அங்க இன்னா பண்ணிக்கினு கீற? தீவாண்ட போவாதன்னு சொன்னனா இல்லியா?” ஏரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் நின்றார்கள். ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்கள் நிறுத்தினார்கள். செல்போன்கள் எங்கள் பக்கம் திரும்பின. விதிகளை வரிவரியாகப் படித்த மனிதர், தலையைக் குனிந்து தன் ஜாக்கெட்டுக்குள் ஒளியப் பார்த்தார்.

மோட்டார் படகு வந்து, அன்னத்தின் கழுத்தில் கயிறு கட்டி எங்களை இழுத்துப் போனது. வழிநெடுக நான் ஒரு முடிவெடுத்துக்கொண்டே வந்தேன். பழியை முழுக்க நானே ஏற்றுக்கொள்வது. அவருடைய மானத்தைக் காப்பாற்றினால் என்னை மன்னித்துவிடுவார்.

கரையேறியதும் படகுக்காரர் உள்ளே குனிந்து பார்த்தார். அவர் முகம் சிவந்தது. “நல்லாத்தான ஓடிக்கினு இருந்திச்சு. இத்த எவன் சார் கழட்னது?”

நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் ஒரு அடி முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார்.

“கழட்டுனது நான். நட்டைத் தண்ணியில போட்டது எங்க மாப்பிள்ளை.”

கூட்டம் சிரித்தது. படகுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நல்லா வந்து வாய்ச்சீங்க சார், ரெண்டு பேரும்” என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அவர் திட்டியது ஏறவே இல்லை. எங்க மாப்பிள்ளை. ஊர் பார்க்க, உலகம் பார்க்க, குற்றப்பத்திரிகை வாசிக்கிறபோது கூட, ‘எங்க’ மாப்பிள்ளை. ஓடி வந்த ஸ்டெல்லா பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கண் நிறைந்தது, என் கண்ணும் நிறைந்தது. “ஒரு நட்டுக்கா ரெண்டு பேரும் அழுவீங்க?” என்று அத்தை குழம்பிப் போய்க் கேட்டார்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவதை நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் எப்போது நிறுத்துவார் என்று நான் காத்திருப்பதுண்டு. எங்கள் வீட்டுக் குழாயை ஸ்டெல்லாதான் ரிப்பேர் செய்கிறாள். நான் டார்ச் அடிக்கிறேன். அதுவும் ஒழுங்காக அடிப்பதில்லை என்று புகார். கிறிஸ்துமஸுக்கு யார் வந்தாலும், கேக்குத் தட்டு கைக்கு வருவதற்கு முன்பே ஏரிக் கதை வந்துவிடும். “எங்க மாப்பிள்ளை இருக்காரே” என்று தொடங்குவார். வருஷத்துக்கு வருஷம் ஏரி பெரிதாகிக்கொண்டே போகிறது, காற்று புயலாகிவிட்டது, நட்டும் வளர்கிறது. போன கிறிஸ்துமஸில் அதை டாங்கிச் சக்கரத்து நட்டு அளவுக்குக் கொண்டு வந்து, இரண்டு கையாலும் காட்டினார்.

பொறுக்கமுடியாமல் நான், “மாமா, அது இத்துனூண்டுதானே இருந்துச்சு” என்றேன்.

“விழும்போது நீங்க கரையைத்தானே பாத்துக்கிட்டு இருந்தீங்க மாப்பிள்ளை” என்றார் அவர். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

வந்தவர்கள் சிரித்தார்கள். உண்மைதான், நான் அவர் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.