மெல்போர்ன் அண்ணன்

தத்து அண்ணன் என்றொரு இனம் உண்டு. மழைக்காலம் முடிந்ததும் வட ஆஸ்திரேலியப் பழங்குடிகளான எங்கள் விரிகுடாவில் வந்து இறங்கும். தேநீர் வேளையில் யாரோ மரியாதைக்கு "வாவா", அதாவது அண்ணா, என்று அழைத்திருப்பார்கள். அன்றிலிருந்து அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டே திரியும்.

ட்ரெவரைப் பாருங்கள். மெல்போர்னில் பல் மருத்துவர். வீட்டுச் சுவரில் எங்கள் மரப்பட்டை ஓவியங்கள் பதினொன்று, தலையில் வேண்டுமென்றே துவைக்காத செம்மண் தொப்பி, வாயைத் திறந்தால் "எங்க ஜனங்க வழக்கம்". யாருடைய ஜனங்கள்?

சென்ற ஜூலையில் எங்கள் ஓவியக் கூடத்து வாசலில் ஓவியர் பிலியாவுய் பட்டையை மடியில் கிடத்தி, முடித் தூரிகையால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி கடலில் இறந்து ஆறு வாரம். இறந்தவர் பெயரைத் துக்கம் முடியும்வரை சொல்லக் கூடாது. படகு கவிழ்ந்த முனையைத் துக்கத்துக்காக மூடியிருந்தோம். அங்கே யாரும் தூண்டில் போடுவதில்லை. அந்தத் தண்ணீரைத்தான் அவர் வரைந்துகொண்டிருந்தார்.

ட்ரெவர், கூட வந்த நண்பருக்கு விளக்கினார். "இந்தச் சாய்சதுரம் இருக்கே, இது அமைதியான தண்ணி."

"கொந்தளிக்கிற தண்ணி," என்றார் பிலியாவுய், நிமிராமல்.

"புத்தகத்துல அமைதின்னுதான் போட்டிருக்கு."

என்ன செய்வது! எங்கள் கடல் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை.

மறுநாள் ட்ரெவர் ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"எங்க புடிச்ச?" என்றார் பிலியாவுய்.

"அந்த முனையிலதான், வாவா. கடல் எல்லாருக்கும் பொதுதானே?"

பிலியாவுய் தூரிகையைக் கீழே வைத்தார். "நான் உனக்கு வாவான்னா, செத்தவன் உனக்கும் தம்பி. தம்பி செத்த தண்ணியிலயா மீன் புடிச்ச?"

ட்ரெவர் மீனைக் கீழே இறக்கினார். "அது... சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்ற உறவுதானே?"

"அப்ப பேச்சோட போ. இந்தப் பட்டை உனக்கில்ல." ட்ரெவருக்கென்று சொல்லி வைத்திருந்த ஓவியத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மூடிய தண்ணீரில் மீன் பிடித்துவிட்டதால், பெரியவர்கள் கூடி முனையை மேலும் இரண்டு மாதம் மூடினார்கள். வஞ்சிரம் கிடைப்பது அங்கேதான். வஞ்சிரப் பருவம் முழுக்க நாங்கள் டப்பா மீன் தின்றோம். ட்ரெவரோ ஊர் போய்ச் சேர்ந்ததும் கூடத்துக்குக் கடிதம் எழுதினார்: அந்த ஓவியருக்குத் தன் மரபைப் பற்றிப் போதிய புரிதல் இல்லையாம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன விடுமுறையில் எந்த ஊரில் உங்களை "நம்ம வீட்டுப் பிள்ளை" என்றார்கள்? அந்த வீட்டில் சாவு விழுந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?