முலூகிய்யாக் கீரைக்கு முன்மாதிரி உண்டு

வரலாற்றை எங்கள் அரசாங்கம் மதிப்பதுபோல் உலகில் எந்த அரசாங்கமும் மதித்ததில்லை. சந்தேகப்படுகிறவர்கள் கெய்ரோவுக்கு வந்து, பஹ்கத் என்ற குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் ‘கற்பனை ஒப்பீட்டு அலுவலக’த்தைப் பார்க்கலாம். உள்ளே விடமாட்டார்கள், அது வேறு விஷயம்.

கொடுங்கோல் நாட்டைப் பற்றி யார் நாவல் எழுதினாலும் அது அங்கேதான் போகும். அதிலுள்ள ஒவ்வொரு கொடுமைக்கும் பழைய சரித்திரத்தில் ஜோடி தேடுவார்கள். கிடைத்தால் அது ‘வரலாறு’, புத்தகம் அச்சேறும். கிடைக்காவிட்டால் ‘நிகழ்காலத்தை அவமதித்தல்’; எழுதியவர் சிறையேறுவார். இதைவிட நியாயம் எங்கே கிடைக்கும்?

இந்த முறை வந்தது, பஹ்கத்தின் மாடிவீட்டு நிஹால் எழுதிய நாவல். அவள் அவரைப் படிக்கட்டிலேயே மடக்கினாள்.

“உஸ்தாத், என் புத்தகம் உங்க மேசையிலதானாமே?”

“ஆபீஸ் ரகசியம், மதாம்.”

“சரி. நான் உள்ள போயிட்டா, வெள்ளிக்கிழமை உங்களுக்கு யாரு முலூகிய்யாக் கீரை சமைச்சு அனுப்புவா?”

தனிக்கட்டையான பஹ்கத் ஆடிப்போனார். ராத்திரி பகல் பாராமல் சரித்திரம் படித்தார். விசாரணை நாளில் இயக்குநர் பர்கலீ பாஷா நாவலைப் புரட்டினார்.

“இதுல வர்ற அதிபர் முலூகிய்யாக் கீரையையே தடை பண்றான். யாரைக் குத்தறா?”

“யாரையும் இல்ல பாஷா. இதே கெய்ரோவை ஆண்ட ஹாகிம் கலீஃபா ஆயிரம் வருஷம் முந்தியே தடை பண்ணிட்டாரு.”

“பொம்பளைங்களுக்குச் செருப்புத் தைக்கக் கூடாதாம்?”

“அதுவும் அவருதான். வெளிய போயிடக் கூடாதுல்ல?”

“கீரையில பூண்டு தாளிச்சுக் கொட்டறப்போ பொம்பளைங்க ‘ஹ்ஹா’ன்னு மூச்சிழுப்பாங்களே, அதை ஜன்னலடியில நின்னு ஒட்டுக் கேக்கறாங்களாம். பூண்டுக்கு இழுத்த மூச்சா, ரொட்டி விலைக்கு இழுத்ததான்னு!”

“ஹாகிம் கிழவிங்களையே வீடுவீடா வேவு பாக்க அனுப்பினாரு பாஷா.”

“கில்லாடி மனுஷன்யா!” பாஷாவுக்கு மெய்சிலிர்த்தது. “சரி, கடைசி அத்தியாயம். அந்த நாட்டுல ஒரு ஆபீஸ். கதைப் புத்தகத்துல அதிபர் ஜாடை தெரியுதான்னு பாக்கறதுக்குன்னே சம்பளம். இது யார் காலம்?”

பஹ்கத் குறிப்புகளைத் துழாவினார். “அந்தக் காலத்துக் கொடுங்கோல் மந்திரி கராகூஷ்னு போட்டுறலாமா?”

“அவன்கிட்ட இப்படி ஆபீஸ் இருந்துச்சா?”

“இல்ல பாஷா. அவனைக் கிண்டல் பண்ணியே ஒரு புத்தகம் வந்துச்சு. இன்னிக்கும் கடையில கிடைக்குது.”

“ஹாகிம்?”

“அவரு தடை பண்ணினதைத் தன் பேர்லயே பண்ணினாரு. ஜாடை தேட ஆளு வைக்கல.”

பாஷா எழுந்தே நின்றுவிட்டார். “அப்போ இது முழுக்க நம்ம சொந்தக் கண்டுபிடிப்பு! எழுதிக் கையெழுத்துப் போடு.”

பஹ்கத் முலூகிய்யாவை ஒரு கணம் நினைத்தார். தன் நாற்காலியை இரண்டு கணம் நினைத்தார். ‘முன்மாதிரி இல்லை’ என்று எழுதினார். அனுபவஸ்தர், ஓர் எழுத்துகூடப் பிழையில்லை.

அன்று சாயங்காலமே நிஹாலை அழைத்துப் போனார்கள். நீதி தவறவே இல்லை. கற்பனையாக ஒரு கொடுங்கோல் ஆட்சியை எழுதியவளுக்குச் சிறை. எங்கள் ஆட்சிதான் அது என்று, சரித்திரத்தில் இதற்கு ஈடே கிடையாது என்று, கையெழுத்திட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தவருக்குப் பதவி உயர்வு.