ஒன்றும் செய்யாத பிளாக்

ஸ்டாப்வாட்ச் பத்தரை செகண்டு காட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து அளக்க வந்த அளவம்மா அதை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். அப்போதும் பத்தரைதான்.

"ஐயா, இன்னொரு தடவை எந்திரிச்சு உக்காருங்க."

"இப்பத்தானேம்மா அஞ்சு தடவை எந்திரிச்சேன்?"

"வாட்ச்ல ஏதோ கோளாறு."

கிரேன் இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டார். எழுபத்தொரு வயது. சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியே முதுகு தேய்ந்தவர். ஒருமுறை இரும்பு பீரோவைத் தனியாளாக லாரியிலிருந்து இறக்கியதில் வந்த பேர் அது. பெற்றவர்கள் வைத்த பேர் அவருக்கே பாதி மறந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். ஐந்து முறை. மூச்சுக்கூட வாங்கவில்லை.

பத்தேகால்.

"போச்சு," என்றாள் அளவம்மா.

கிரேனின் முகம் செத்துவிட்டது. "தப்பாப் போச்சாம்மா?"

"நல்லாப் போச்சு. அதான் தப்பு."

மூன்று மாதம் முன்னால் இதே ஆளுக்கு, இதே கூடத்தில், பதினெட்டு செகண்டு. நோட்டில் அவள் கையெழுத்திலேயே இருந்தது.

விஷயம் இதுதான். வயசானால் உடம்பில் சதை கரைகிறது. மழையில் விட்ட உப்பு மூட்டை மாதிரி. வெளியே சாக்கு அப்படியே இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது. முதலில் படி ஏற முடியாது. அப்புறம் நாற்காலியை விட்டு எழ முடியாது. அதற்கப்புறம் கக்கூசுக்குப் போகவே ஆள் வேண்டும். அதைத் தடுக்க முடியுமா என்று ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஆராய்ச்சி செய்தார். தொழிலாளர் குடியிருப்பில் இரண்டு பிளாக்குகளை எடுத்துக்கொண்டார். முதல் பிளாக்குக் கிழவர்களுக்கு வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி வகுப்பு, வாத்தியார், இழுக்க ரப்பர் பட்டை. இரண்டாம் பிளாக்குக் கிழவர்களுக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு புத்தகம். 'எப்போதும் போல இருங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் செய்யாத ஆட்களும் வேண்டுமே.

அந்த ஒன்றும் செய்யாத பிளாக்கில் பதினாலு பேர். பதினாலு பேரும் முதல் பிளாக்கைத் தோற்கடித்திருந்தார்கள்.

பெரிய டாக்டர் நோட்டை மேசையில் போட்டார்.

"ஏம்மா, சும்மா உக்காந்திருந்தவன் எப்படிம்மா பலசாலி ஆவான்?"

"அதான் சார் எனக்கும் புரியலை."

"எனக்குப் புரியுது. அளந்த கை சரியில்லை. மாசக் கடைசிக்குள்ள காரணத்தைக் கொண்டு வாங்க. இல்லைன்னா அளக்க வேற ஆளைப் போட்டுட்டு உங்களை மறுபடி ரிக்கார்டு ரூமுக்கே அனுப்பிடுவேன்."

ரிக்கார்டு ரூம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. செத்துப்போனவர்களின் ஃபைல்களுக்கு நடுவில் நாலு வருஷம் தும்மித் தும்மி உட்கார்ந்திருந்தவள் அவள். அங்கிருந்து வெளியே வந்து, உயிரோடு இருக்கிற மனுஷர்களை அளக்க ஆரம்பித்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

முதலில் நாற்காலியைச் சந்தேகப்பட்டாள். டேப் வைத்துப் பார்த்தாள். விதிப்படி இருக்கவேண்டிய உயரத்தைவிட ஓர் அங்குலம் கூட! உயரமான நாற்காலியிலிருந்து எழுவது சுலபம். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சரியான உயரத்தில் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"சேருக்கு டிக்கெட் எடும்மா," என்றார் கண்டக்டர்.

"அது உக்காரலையே, நின்னுக்கிட்டுத்தானே வருது?"

"அப்ப வழியில நிக்காம அதுல நீயாவது உக்காரு."

பஸ் நடுவில் சொந்த நாற்காலி போட்டு உட்கார்ந்து போய்ச் சேர்ந்தாள். பதினாலு பேரையும் வரிசையில் நிறுத்தி மறுபடி அளந்தாள். தாழ்ந்த நாற்காலியில் எல்லாரும் தடுமாற வேண்டும். தடுமாறவில்லை. சராசரியில் ஒரு செகண்டு இன்னும் வேகமாகிவிட்டது.

"எத்தனை வந்துச்சும்மா?" என்று கேட்டுக்கொண்டே தண்ணீர்ச் செம்பை நீட்டினாள், அந்த பிளாக்கின் படிகளைப் பெருக்குகிற அம்மாள். கிரேனின் மனைவி. ஆள் புருஷனில் பாதிதான் இருப்பாள்.

"ஒம்பது எண்பது. உங்க வீட்டுக்காரர் வீட்ல என்னதான் பண்றாரு?"

"அவரா? ஒரு டம்ளரை எடுத்து அந்தப் பக்கம் வைக்க மாட்டாரு."

அடுத்த சந்தேகம் உடற்பயிற்சி வாத்தியார் மேல் விழுந்தது. இந்த பிளாக்குக்கும் அவர் ரகசியமாகச் சொல்லித் தருகிறாரோ? முதல் பிளாக்கின் வாசலிலேயே அவரை மடக்கினாள்.

"அந்தப் பக்கமே நான் போனதில்லை மேடம். என் ஆளுங்களை எந்திரிக்க வைக்கவே எனக்கு நாக்குத் தள்ளுது. குடுத்த ரப்பர் பட்டை எங்கே இருக்குன்னு பாக்குறீங்களா?"

காட்டினார். ஒரு பட்டை உடைந்த கேட்டைக் கட்டியிருந்தது. இன்னொன்றில் துணி காய்ந்தது. மூன்றாவதை ஒருவர் பழைய கட்டிலின் காலில் சுற்றியிருந்தார். வாழ்நாளெல்லாம் மூட்டை கட்டியவர்கள். இழுத்துக் கட்ட வாகாக ஒன்று கையில் கிடைத்தால் வெறுமனே இழுத்துக்கொண்டா இருப்பார்கள்?

"வகுப்புக்காவது வர்றாங்களா?"

"வர்றாங்க. 'நீ செஞ்சு காட்டு தம்பி, பாக்குறோம்'னு உக்காந்துக்குறாங்க. மூணு மாசத்துல எனக்குத்தான் மேடம் உடம்பு ஏறியிருக்கு."

மிஞ்சியது ஒரே வழி. சொல்லிவிட்டு வருவதால்தானே தயாராக இருக்கிறார்கள்? சொல்லாமல் வந்து அளந்தால் உண்மை தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை சொல்லாமல் வந்தாள். வேகம் கூடியிருந்தது. வெள்ளிக்கிழமை வந்தாள். இன்னும் கூடியிருந்தது. கைப்பிடி அளக்கிற கருவியை முன்சக்கரம் என்கிற கிழவர் அழுத்திய அழுத்தில் முள் போய் ஓரத்தில் முட்டியது. கனமான பெட்டிகளுக்கு எப்போதும் முன்பக்கம் தோள் கொடுத்தவர் அவர்.

"அடுத்து எப்பம்மா வருவீங்க?" என்று கேட்டார், கையை உதறிக்கொண்டே.

"சொல்ல மாட்டேன். நாளைக்கே வருவேன், நாளன்னைக்கும் வருவேன். எப்ப வேணாலும் வருவேன்."

பதினாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க என்னதான் செய்றீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"ஒண்ணுமே செய்றதில்லைம்மா," என்றார் கிரேன்.

"சத்தியமா ஒண்ணும் இல்லை," என்றார் முன்சக்கரம்.

"சும்மாத்தான் கெடக்கோம்," என்று மீதிப் பேர் ஒரே குரலில் சொன்னார்கள். சும்மா கிடக்கிறவர்கள் அவ்வளவு சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

அவள் குனிந்து கூடத்து நாற்காலிகளைப் பார்த்தாள். கால்களில் மாட்டியிருந்த ரப்பர் மூடி எல்லாம் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் தரையில் இரண்டு பாத அகலத்துக்குச் சாயம் போயிருந்தது. வாட்சைச் சந்தேகப்பட்டது, நாற்காலியைச் சந்தேகப்பட்டது எல்லாம் போய், இப்போது தூக்கமே வராத அளவுக்கு ஒரு கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. சொல்லித்தர ஆள் இல்லை. செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. செய்தால் ஒரு லாபமும் இல்லை. பின்னே எதற்கு?

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது விடியற்காலையில் போனாள். வாசலில் முன்சக்கரம் ஸ்டூல் போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. பின்பக்கம் குப்பைத் தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு போய்க் கூடத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

பன்னிரண்டு கிழவர்கள் இரண்டு வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிரேன் எதிரே நின்றார்.

"ஏத்து!"

பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள்.

"இறக்கு!"

உட்கார்ந்தார்கள்.

"ஏத்து! ஏய் அரைமூட்டை, கையைத் தொடையில ஊணாதடா! அந்தம்மா ஒத்துக்க மாட்டாங்க!"

"முட்டி வலிக்குதுண்ணே."

"பேரு போனா வலிக்காதா? ஏத்து!"

நாற்பதுவரை எண்ணினாள். அப்புறம் எல்லாரும் ஒரு வாளியிலிருந்து ஈரத் துண்டுகளை எடுத்து, கடைசிச் சொட்டுவரை முறுக்கிப் பிழிந்தார்கள். அது கைப்பிடிக்கு.

அளவம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கூடம் அப்படியே உறைந்தது. அரைமூட்டை துண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அது சொட்டியது.

"யாரு உங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"

எல்லார் கண்ணும் கிரேன் பக்கம் திரும்பியது.

"எத்தனை நாளா நடக்குது?"

"நீங்க மொத மொத வந்துட்டுப் போன வாரத்துல இருந்து," என்றார் கிரேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "காலையில மட்டுந்தான் பண்ணிட்டிருந்தோம். சேரை மாத்தினீங்களா, பயந்துபோய்ச் சாயங்காலமும் ஆரம்பிச்சோம். அப்புறம் எப்ப வேணாலும் வருவேன்னுட்டீங்க. இப்ப மூணு வேளை. பேரை வெட்டிடாதீங்கம்மா."

"எந்தப் பேரை?"

"எங்க பேரைத்தான். லிஸ்ட்ல இருந்து."

"எந்த லிஸ்ட்?"

கிரேன் முன்சக்கரத்தைப் பார்த்தார். சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்திருந்த முன்சக்கரம் கூரையைப் பார்த்தார்.

"அது தெரியாதும்மா. லிஸ்ட்டுனு ஒண்ணு இருந்தா வெட்டுறதும் இருக்கும்ல?"

கிடங்கில் அப்படித்தான். வருஷத்துக்கு ஒருமுறை மேஸ்திரி கையில் கடிகாரத்தோடு வந்து நிற்பான். மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு லாரியிலிருந்து கிடங்குக் கோடிவரை ஓட வேண்டும். பிந்தினவன் பேரில் அங்கேயே கோடு விழும். மறுநாள் அவனுக்கு வேலை இல்லை. கிரேன் பேரில் ஐம்பத்தெட்டாவது வயதில் கோடு விழுந்தது. இரண்டு செகண்டு பிந்திவிட்டார்.

"கடிகாரத்தோட ஒரு ஆள் வந்தா வேற எதுக்கு வருவாங்க, சொல்லுங்க? பிந்தினவன் பேரை வெட்டிட்டு வீட்டையும் பிடுங்கிக்குவாங்கன்னு பிளாக் பூரா பேச்சு."

அளவம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது நின்றுவிட்டது. கிரேனின் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஐயா, எல்லாரும் கேளுங்க. இது பரிட்சை இல்லை. யாரும் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. எத்தனை செகண்டு ஆனாலும், எந்திரிக்கவே முடியலைன்னாலும், உங்க பேரை ஒருத்தரும் தொட மாட்டாங்க. வீட்டையும் தொட மாட்டாங்க. எங்கம்மா மேல சத்தியம்."

"நெசமாவா?"

"நெசமா."

"எந்திரிக்கவே வேணாமா?"

"நீங்க எப்பவும் எப்படி இருப்பீங்களோ, அப்படி இருந்தாப் போதும்."

பதினாலு பேரும் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்கள். 'இறக்கு' என்று யாரும் சொல்லவில்லை. நாற்காலிகள் முனகின. அரைமூட்டை காலை நீட்டி எதிர் நாற்காலியில் போட்டார். யாரோ சீட்டுக்கட்டைக் கொண்டு வந்தார்கள். பத்து நிமிஷத்தில், அந்தக் கூடத்தில் விரலைத் தவிர வேறொன்றும் அசையவில்லை.

அளவம்மா வெளியே வந்து பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள்.

"சார், காரணம் கிடைச்சிடுச்சு. அளந்ததுல தப்பே இல்லை. பேரை வெட்டுவாங்கன்னு பயந்துக்கிட்டு, இவங்களா தினம் மூணு வேளை எந்திரிச்சு உக்காந்திருக்காங்க."

மறுமுனையில் பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

"வாத்தியார் இல்லாமயா?"

"இல்லாமதான் சார்."

"ஒரு நாள்கூட விடாமயா?"

"விடாம. இப்ப எல்லாத்தையும் விளக்கிச் சொல்லி நிறுத்திட்டேன் சார். இனிமே நம்பர் ஒழுங்கா வரும்."

"ம்," என்றார் டாக்டர். அந்த 'ம்' எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. "சரி, ஆராய்ச்சி முடியறவரைக்கும் நீங்களே அளங்க."

ரிக்கார்டு ரூம் பயம் போய்விட்டது. அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. திரும்பினாள். படியின் கீழே துடைப்பத்தோடு கிரேனின் மனைவி நின்றிருந்தாள். கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளேயிருந்து, "இவளே, இங்க வந்து ஒரு கை குடு, எந்திரிக்கணும்" என்று கிரேனின் குரல் கேட்டது.

"அவரு பாட்டுக்கு உக்காந்துட்டாரு! என்னம்மா சொன்னீங்க அவங்ககிட்ட?"

"பாவம்மா, பயந்து கெடந்தாங்க. பேரை எல்லாம் யாரும் வெட்ட மாட்டாங்கன்னு உண்மையைச் சொல்லிட்டேன். எவனோ புளுகிவிட்டிருக்கான்."

அந்த அம்மாள் துடைப்பத்தைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"அந்த பிளாக்குக்கு வாத்தியாரைக் குடுத்துட்டு எங்களுக்கு வெறும் புஸ்தகத்தைக் குடுத்தீங்க, இந்த மனுஷனைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிஞ்சவ வேற வழியில்லாம அந்தப் புளுகைக் கட்டிவிட்டு மூணு மாசமா ஓட்டிட்டிருந்தேன், அதையும் வந்து கெடுத்துட்டீங்களேம்மா!"