அவுட்டோர் அக்காவும் ஒன்பது ஏ.சி.யும்

புதுச்சேரியில் ஏ.சி. வாங்காமலே ஏ.சி.யால் பிழைத்த ஒரே ஆள் எங்கள் அவுட்டோர் அக்காதான். போட்டிக்கு யாராவது இருந்தால் முத்தியால்பேட்டைக்கு அழைத்து வாருங்கள். தோற்றுத்தான் திரும்புவார்.

அக்காவுக்குத் தொழில் கருவாடு. விடிந்ததும் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் நெத்திலி எடுத்து வந்து, எங்கள் சந்து முனையிலிருந்த காலி மனையில் காயவைப்பார். ஊர் முன்னேறியது. அந்த மனையில் நான்கு மாடி எழும்பி, சந்துக்கு வரவேண்டிய வெயிலை மொத்தமாக விழுங்கியது. வெயில் போனால் சந்து குளிர்ந்திருக்குமே என்கிறீர்களா? அதுதான் இல்லை. எங்களுக்கும் சம்பளம் ஏறியது. ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒன்பது வீட்டுக்காரர்களும் ஏ.சி. வாங்கினோம். ஒன்பது அவுட்டோர் பெட்டியும் சந்துப் பக்கச் சுவரில், ஆள் உயரத்தில். வீட்டுக்குள் ஊட்டி, வெளியே செங்கல் சூளை.

முதல் ஏ.சி. என்னுடையது. மூன்றாம் நாள் வெளியே வந்து பார்த்தால், பெட்டிக்கு முன்னால் கம்பியில் ஒரு தட்டி தொங்குகிறது. அது நிறைய நெத்திலி.

"என்னக்கா இது?"

"நீ சூட்ட தெருவுல வுட்ட. தெரு எல்லாருக்கும் பொது. நான் புடிச்சிக்கினேன். குத்தமா?"

பி.காம். படித்த நான் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். அடுத்தடுத்து ஒன்பது அவுட்டோர் பெட்டியிலும் தட்டி ஏறியது; அக்கா, அவுட்டோர் அக்கா ஆனார். முத்தியால்பேட்டைப் பூனைகள் குடும்பத்தோடு எங்கள் சந்துக்குக் குடிவந்தன. வாசனை தாங்காமல் என் மனைவி முன்கதவைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒருநாள் ஏ.சி.யை நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. "ஏம்ப்பா, உடம்பு சரியில்லியா? பொட்டி ஓடலியே!"

அக்கா கணக்கில் முதல் தரம், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டு சொல்தாதான். "மனுசன் பதினெட்டுல வச்சிக்கினு கம்பளி போத்திக்கினு படுக்கறாரு. நெத்திலி ஒரே பகல்ல மொறமொறன்னு காஞ்சிடுது. மவராசன்!"

இப்படியே போயிருக்கும். ஒரு கத்திரி வெயில் வந்து கெடுத்தது.

சந்தின் நடுவில் ஓர் ஓட்டு வீடு. ஆட்டோ ஓட்டுபவரும் அவர் மனைவி செல்வியும் நாலு மாதக் குழந்தையோடு இருந்தார்கள். அக்கா வீட்டை விட்டால், ஏ.சி. இல்லாத ஒரே வீடு அது. ஒன்பது பெட்டியின் அனலும் அந்த வீட்டின் ஒற்றை ஜன்னலைத் தேடிப் போனது. குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. மத்தியானமானால் தூங்காமல் வீறிடும். இரண்டு மணி நேரமாவது நிறுத்துங்கள் என்று செல்வி வீடு வீடாகக் கேட்டாள். ஒன்பது வீட்டிலும் ஒரே பதில்: "என் ஒரு ஏ.சி.யாலயா சந்து கொதிக்குது?" நானும் அதையேதான் சொன்னேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சூடு ஆகாது, காற்றோட்டமாக வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

அவ்வளவுதான். அக்கா ஒன்பது தட்டியையும் கழற்றினார். அவர் போட்ட சத்தத்தில் சந்தே வெளியே வந்தது.

"ஒரு ஏ.சி.யால என்ன ஆவும்னு கேட்டீங்களாமே! ஒத்த நெத்திலி நாறுதா? கூடையா சேந்தா நாறுதில்ல? ரெண்டுலேருந்து நாலு வரிக்கும் ஒரு பொட்டியும் ஓடக் கூடாது. ஓடுச்சின்னா, நாளையிலேருந்து நெத்திலி கெடையாது. திருக்கை!"

திருக்கைக் கருவாட்டின் வாசனை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தெரியாதவர்கள் புண்ணியவான்கள். எந்தச் சண்டையிலும் பின்வாங்கியதில்லை என்று மார்தட்டும் சொல்தா, "பர்தோன், மதாம்" என்று பிரெஞ்சிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு ரிமோட்டைத் தேடி முதலில் ஓடினார்.

இரண்டு மணிக்கு ஒன்பது பெட்டியும் அடங்கின. கொஞ்ச நேரத்தில் கடல் காற்று லேசாகச் சந்துக்குள் நுழைந்தது. குழந்தையின் அழுகை நின்றது. வெளியே எட்டிப் பார்த்தேன். பாதி காய்ந்த நெத்திலிக் கூடையோடு அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, உங்க மீனு வீணாயிடுமே?"

"வீணானா பூனைக்குப் போடறேன். நீ மெதுவா பேசு, புள்ள முழிச்சிக்கும்."

அந்தக் கத்திரி முழுக்க அக்காவுக்குப் பாதி நெத்திலி பூனைக்குத்தான் போனது. மழைக்கு முன்பே, வெயில் மிச்சமிருக்கும் இடம் தேடி துறைமுகத்துப் பக்கம் குடிபோய்விட்டார்.

குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. மத்தியானத்தில் வீட்டிலேயே இருப்பதில்லை. ஆனாலும் இரண்டு மணியானால் ஒன்பது வீட்டிலும் ஏ.சி. நிற்கிறது. என் மனைவி முன்கதவைத் திறந்து வைக்கிறாள். காற்று வருகிறது. அதில் கொஞ்சம் நெத்திலி வாசனையும் வரக் கூடாதா என்று இருக்கிறது.