கண்ணாடி அக்காவின் ஸ்ரோபெரித் தூள்

புங்குடுதீவில் உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது கண்ணாடி அக்காவின் வாய்.

"குடிச்சால் தோல் கண்ணாடி மாதிரி மினுங்கும்" என்று சொல்லிக் கொழும்பிலிருந்து வந்த கொலாஜன் தூளை விற்றதால் அந்தப் பெயர். மடத்துவெளியிலிருந்து ஸ்கூட்டியில் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு இடைவேளை மணியோடு வந்து இறங்குவார். பூசுகிறதெல்லாம் பழங்காலமாம், அழகு இனி வயிற்று வழியாகத்தான் வருமாம். அப்படியானால் இவ்வளவு நாளும் நாங்கள் தின்ற இடியப்பம் எங்கே போனது என்று கேட்க எனக்கு நாக்குத் துடிக்கும்.

அவருடைய முகமோ வெயிலில் கறுத்துக் காய்ந்து கிடந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அக்கா, உங்கட முகத்துக்கு ஏன் இது வேலை செய்யேல்லை?"

"விசர்ப்பிள்ளை, விளம்பரத்திலை முன், பின் எண்டு ரெண்டு படம் போடுறவையெல்லோ? நான்தான் முன். பின்னுக்குத்தான் ஆக்களைத் தேடித் திரியிறன்."

எங்கள் பள்ளிக்கூடத்து மொட்டைத்தலை அதிபரையும் அவர் விடவில்லை. "தலையும் தோல்தானே, சேர்!" அதிபர் இரண்டு பெட்டி குடித்தார். தலை மினுங்கியது. அது முன்னமே மினுங்கிய தலை.

வாசுகி ரீச்சர் (பெயரை மாற்றியிருக்கிறேன், ஏன் என்று போகப் போகத் தெரியும்) பிள்ளை வேண்டி ஆறாவது வருடமாகக் கந்தசஷ்டி விரதம் பிடித்தவர். ஆறு நாளும் பாலும் பழச்சாறும்தான். அவருடைய தலையிலும் அக்கா கட்டிவிட்டார்.

"குடிக்கிற சாமான் ரீச்சர், வெறும் ஸ்ரோபெரிப் பழம். விரதத்துக்குப் பழுதில்லை, முகமும் வாடாது."

நான் நாரந்தனை. கடலுக்குப் போகிற, மாதா கோயில் வேதக்காரக் குடும்பம். ஆறாம் நாள் காலை வாசுகி ரீச்சரின் கோப்பையைக் கழுவ எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஸ்ரோபெரிக்கு அடியில் நான் பிறந்து வளர்ந்த வாசம்! பைக்கற்றிலிருந்த எறும்புக்கால் ஆங்கிலத்தைப் போனில் பெருப்பித்துப் பார்த்தேன். மீன் தோல். என் அப்பா காகத்துக்கு எறிகிறதைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள், பாவிகள்.

இடைவேளைக்கு வந்த அக்காவை விறாந்தையிலேயே மறித்தேன்.

"மீன் தோலக்கா, மீன் தோல்! விரதகாரருக்கு மீனைக் கரைச்சுக் குடுத்திருக்கிறியள்!"

அக்கா என் கையிலிருந்த பைக்கற்றை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. திரும்பினால், பின்னால் வாசுகி ரீச்சர்.

"ஆறு வருசம்... முருகா, நான் என்ன செய்துபோட்டன்!"

"அழாதையுங்கோ ரீச்சர்," என்றார் அக்கா. "உங்களுக்குத் தந்தது அந்தச் சாமானில்லை. தூளை வேற ஆக்களுக்கு எடுத்துப்போட்டு, உங்கட பைக்கற்றிலை அரிசிமாவும் சீனியும் கலரும் அடைச்சு ஒட்டினனான். உங்களை ஏமாத்திப்போட்டன்."

வாசுகி ரீச்சர் என்னைப் பார்த்தார். "உண்மையோ?"

அந்த மணம் இன்னும் என் மூக்கில் நின்றது.

"ஓம். அரிசிமாதான்," என்றேன்.

"அட கள்ளி!" என்று வாசுகி ரீச்சர் போட்ட சத்தத்தில் பாதி கோபம், பாதி உயிர் திரும்பி வந்த சந்தோசம். பின்னேரம் சூரன்போருக்கு நிம்மதியாகப் போனார். அதற்குள் அரிசிமாக் கதை பாலம் தாண்டி வேலணைக்குப் போய்விட்டது. விற்ற பெட்டியெல்லாம் திரும்பி வந்தது. கண்ட கண்ட ஆட்களெல்லாம் ஏசினார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் காசை எண்ணித் திருப்பிக் கொடுத்தார், மீன் கதையை மட்டும் வாயில் எடுக்கவில்லை.

இப்போது முடி வளரக் குடிக்கிற தண்ணீர் விற்கிறார். திருந்தாத சென்மம்! ஊரில் ஒருவரும் வாங்குவதில்லை. நான் மாதம் ஒரு போத்தல் வாங்கி வாழைக்கு ஊற்றுகிறேன். ஆனாலும் அவர் வரப் பிந்தினால், வகுப்பை விட்டுவிட்டு வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.